வேலையில் அடிபட்டதற்கு இழப்பீடு மறுக்கப்பட்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை பார்க்கும்போது அடிபட்டால், யார் தப்பு என்று துருவாமல், சிகிச்சைச் செலவும் இழந்த சம்பளத்தில் ஒரு பங்கும் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும். தொழிலாளர் இழப்பீட்டின் அடிப்படை இதுதான். ஜெர்மனியில் 1884இலும் பிரிட்டனில் 1897இலும் இந்தியாவில் 1923இலும் இதற்குச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. மனு கொடுத்து, “தர முடியாது” என்ற பதிலும் வந்த பிறகு எழும் கேள்விகள் கீழே இருக்கின்றன. காலக்கெடுவும் சதவீதமும் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் எண் வரும் இடத்தில் அது எந்த நாட்டுக் கணக்கு என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

மறுப்புக் கடிதம் வந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. அது முதலாளியோ இன்சூரன்ஸ் கம்பெனியோ எடுத்த நிலை. தீர்ப்பு இல்லை. தீர்ப்புச் சொல்ல ஆணையர், தீர்ப்பாயம், நீதிபதி என்று வேறு ஆள் இருக்கிறார்.

கடிதத்தைக் கோபம் அடங்கிய பிறகு இன்னொரு முறை படியுங்கள். அதில் தேட வேண்டியவை இரண்டு: மறுத்த காரணம், எதிர்த்து எழுதக் கடைசித் தேதி. காரணங்கள் பெரும்பாலும் ஒரு சில வகைக்குள் அடங்கிவிடும். அப்படி ஒரு விபத்தே நடக்கவில்லை; நடந்தது, ஆனால் வேலை நேரத்தில் இல்லை; காயம் பழையது; தாமதமாகச் சொன்னீர்கள்; நீங்கள் எங்கள் ஆளே இல்லை; இத்தனை நாள் ஓய்வு தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய ஆதாரம் வேறு. “காயம் பழையது” என்று மறுத்தவர்களிடம் பத்து சாட்சிகளை நிறுத்தி விபத்து நடந்ததை நிரூபிப்பதில் பயனில்லை. அதைத்தான் அவர்கள் மறுக்கவே இல்லையே. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டுவதால்தான் பல நல்ல கேஸ்கள் நொண்டுகின்றன.

காரணம் மொட்டையாக இருந்தால் (“தகுதி இல்லை” என்று ஒரே வரி), எந்த விதிப்படி, எந்த ஆவணத்தை வைத்து மறுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடைசித் தேதி தாண்டிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாதா?

முதலில், ஒரே ஒரு கடைசித் தேதி இருப்பதாக நினைக்காதீர்கள். முதலாளிக்குச் சொல்ல ஒரு கெடு, முறைப்படி மனு போட ஒரு கெடு, மறுப்பை எதிர்க்க ஒரு கெடு என்று தனித்தனியாக ஓடும். கலிஃபோர்னியாவில் முதலாளிக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மனுவுக்குப் பொதுவாக 1 ஆண்டு. சிங்கப்பூரிலும் மனுவுக்கு விபத்திலிருந்து 1 ஆண்டு.

தாண்டிவிட்டாலும் பல சட்டங்களில் தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு. மருத்துவமனையில் கிடந்தது, முதலாளிக்கு விபத்து ஏற்கெனவே தெரியும் என்பது, அவரே “நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று நிறுத்தி வைத்தது ஆகியவை வழக்கமாக எடுபடும். “எனக்குச் சட்டம் தெரியாது” என்பது அவ்வளவாக எடுபடாது. எப்படியும் இன்றே ஒரு பக்கத்தில் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள். ஆதாரங்களை அப்புறம் சேர்க்கலாம்.

ஓ.பி. சீட்டில் “முதுகு வலி” என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். வேலையில் அடிபட்டது என்று இல்லை. என்ன செய்வது?

அதிகமாகக் கேஸைக் கெடுப்பது இதுதான். நடப்பதை நினைத்துப் பாருங்கள். வலியோடு வரிசையில் நிற்கிறீர்கள். நர்ஸ் “என்ன பண்ணுது?” என்கிறார். “முதுகு வலிக்குது, மூணு நாளா” என்கிறீர்கள். அவர் “முதுகு வலி, 3 நாள்” என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார். லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது இடுப்பில் பளீரென்று பிடித்த கதையை யாரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சீட்டைத் தூக்கிக் காட்டி, “அன்றைக்கு வேலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே” என்பார்.

பழைய சீட்டைத் திருத்தச் சொல்லாதீர்கள். திருத்திய சீட்டு மொத்த கேஸையும் சந்தேகத்தில் தள்ளிவிடும். அடுத்த முறை போகும்போது எந்தத் தேதி, என்ன வேலை, எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் சொல்லி, அதைப் புதிய குறிப்பாகப் பதியச் சொல்லுங்கள். கூடவே, அதே நாளில் வேறு எங்கே இது பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஷிப்ட் பாதியில் கிளம்பியதைக் காட்டும் கேட் பதிவு, முதலுதவிப் பெட்டிப் பதிவேடு, வீட்டுக்குப் போன் செய்த நேரம் எல்லாமே உதவும். அன்றைய தேதியிட்ட இரண்டு வரி வாட்ஸ்அப், ஒரு வருடம் கழித்து எழுதிய நான்கு பக்க வாக்குமூலத்தைவிட மேல்.

“ஸ்கேனில் டிஸ்க் தேய்மானம் தெரிகிறது, அதனால் இது வேலைக் காயம் இல்லை” என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. தேய்மானம் ஒரே நாளில் வருவதில்லை என்பது சரிதான். ஆனால் தேய்மானம் இருந்தாலே வலி இருக்கும் என்பது சரியில்லை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஓர் ஆய்வுத் தொகுப்பு 2015இல் வெளியானது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது; 80 வயதில் அது 96 சதவீதம். அதாவது, ஸ்கேனில் தேய்மானத்தோடு வலியில்லாமல் வேலைக்குப் போய்வருபவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். விபத்துக்கு முந்தின நாள்வரை நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

ஆகவே விவாதத்தை ஸ்கேனிலிருந்து நகர்த்தி, விபத்துக்கு முன், விபத்துக்குப் பின் என்ற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்பு இதே முதுகோடு முழு ஷிப்ட் பார்த்தீர்களா? வலிக்காக விடுப்பு எடுத்ததுண்டா? வருகைப் பதிவேடும் பழைய மருத்துவக் குறிப்புகளும் இதற்குப் பதில் சொல்லும். பெரும்பாலான சட்டங்களில் இருந்த நோயை வேலை மோசமாக்கினாலும் அது வேலைக் காயமே. தொழிலாளி எந்த உடம்போடு வந்தாரோ அந்த உடம்போடுதான் முதலாளி அவரை ஏற்றுக்கொள்கிறார். சில இடங்களில் பழைய பங்கு இவ்வளவு, புதிய பங்கு இவ்வளவு என்று பிரித்து, புதிய பங்குக்கு மட்டும் தருவார்கள். அதுவும் ஒன்றுமே இல்லை என்பதைவிட எவ்வளவோ தேவலை.

ஒரு எச்சரிக்கை. முன்பு முதுகு வலிக்கு டாக்டரிடம் போயிருந்தால் மறைக்காதீர்கள். பழைய ரெக்கார்டை அவர்கள் எடுத்தே தீருவார்கள். “முன்பு எப்போதும் வலித்ததே இல்லை” என்ற ஒரு பொய், உண்மையான விபத்தையும் பொய்யாக்கிவிடும்.

டாக்டரிடம் எந்த மாதிரி கடிதம் வாங்க வேண்டும்?

“நோயாளிக்கு ஓய்வு தேவை” என்ற வழக்கமான சான்றிதழ் இங்கே போதாது. வேண்டியவை நான்கு: என்ன காயம், எதனால் வந்தது, எந்த வேலையைச் செய்ய முடியாது, எவ்வளவு நாளைக்கு. இவற்றில் “எதனால்” என்பதில்தான் கேஸே நிற்கிறது. குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலைதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு என்ற அளவு போதும். அதனால்தான் டாக்டரின் ஒரு சொல் கனக்கிறது. “விபத்தால் ஏற்பட்டிருக்கலாம்” என்று எழுதினால், “ஏற்படாமலும் இருந்திருக்கலாமே” என்பார்கள். “விபத்தால் ஏற்பட்டிருக்கவே அதிக வாய்ப்பு, ஏனென்றால்...” என்று காரணத்தோடு எழுதினால் அதை எளிதில் தள்ள முடியாது.

டாக்டரை வற்புறுத்தி எழுத வைக்க முடியாது, கூடாது. ஆனால் அவருக்குத் தெரியாததைத் தெரியப்படுத்தலாம். தூக்கிய எடை, ஒரு ஷிப்டில் எத்தனை முறை குனிவது, கருவி எவ்வளவு அதிரும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். டாக்டர் உங்கள் வேலையிடத்தைப் பார்த்தவர் அல்ல.

அவர்கள் தரப்பு டாக்டரிடம் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். போகாமல் இருக்கலாமா?

போகாவிட்டால் பணத்தை நிறுத்த அது ஒன்றே போதும் என்று பல சட்டங்கள் சொல்கின்றன. போய்விடுங்கள். ஆனால் அவர் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர் இல்லை, அறிக்கை எழுத வந்தவர். பரிசோதனை மேஜையில் ஏறும் முன்பே அது தொடங்கிவிடும். நாற்காலியிலிருந்து எப்படி எழுந்தீர்கள், செருப்பைக் குனிந்து கழற்றினீர்களா என்பதெல்லாம் அறிக்கையில் வரும்.

கை பலத்தைப் பார்க்கும் பிடிமானக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிடியை ஐந்து அகலங்களில் மாற்றி மாற்றி அழுத்தச் சொல்வார்கள். முழு பலத்தோடு அழுத்துபவருக்கு நடு அகலங்களில் எண் ஏறும், இரண்டு ஓரங்களிலும் இறங்கும். பலவீனமான கைக்கும் இதே வடிவம்தான், எண்கள் மட்டும் சிறியவை. ஐந்திலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், முழுதாக முயலவில்லை என்று எழுதிவிடுவார்கள். வலியைக் கூட்டிக் காட்ட நினைப்பவர் மாட்டிக்கொள்வது இந்த மாதிரி இடத்தில்தான். வலிக்கு பயந்து லேசாக அழுத்துபவரும் மாட்டிக்கொள்வார் என்பது இந்தச் சோதனையின் அநியாயம். அதனால், அழுத்தும்போது வலித்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது வெளியே வந்தீர்கள், எதையெல்லாம் சோதித்தார், எதைச் சோதிக்கவில்லை என்று குறித்துவையுங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு எட்டுப் பக்க அறிக்கை எழுதுபவர்களும் உண்டு.

விபத்தை யாரும் பார்க்கவில்லையே?

பரவாயில்லை. பார்த்தவர் மட்டும்தான் சாட்சி என்றில்லை. காலையில் நன்றாக வந்தவர் மதியம் நொண்டிக்கொண்டு போனதைப் பார்த்தவரும் சாட்சியே. சிசிடிவி இருந்தால் இன்றே எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். அழித்துவிட்டார்கள் என்றாலும், நீங்கள் கேட்ட கடிதம் கையில் இருந்தால் அந்த அழிப்பே அவர்களுக்கு எதிராகப் பேசும்.

தப்பு என்னுடையதுதான். ஹெல்மெட் போடவில்லை. கிடைக்குமா?

சாதாரணக் கவனக்குறைவு உரிமையைப் பறிக்காது. இந்த ஏற்பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. விதிவிலக்குகளும் உண்டு. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுவது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றுவது ஆகியவை விபத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால் முதலாளி தப்பிக்கலாம். ஆனால் மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இந்த வாதமும் செல்லாது. “வேண்டுமென்றே” என்பதை நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. ஹெல்மெட்டே தராமல், தந்தாலும் யாரும் போடாததைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, விபத்துக்குப் பிறகு விதிப் புத்தகத்தைக் காட்டினால் அது எளிதில் எடுபடாது.

வேலைக்குப் போகும் வழியில், அல்லது வீட்டிலிருந்து வேலை செய்யும்போது அடிபட்டால்?

இங்கேதான் நாடுகள் பிரிகின்றன. ஜெர்மனி 1925 முதலே வேலைக்குப் போகும், வரும் வழி விபத்துகளையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க மாநிலங்கள் பொதுவாகச் சேர்ப்பதில்லை, கம்பெனி வண்டி, வேலைக்காகவே போன பயணம் போன்ற விலக்குகள் தவிர. இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வேலையோடு தொடர்பு இருந்தால் வழி விபத்தையும் ஏற்கிறது.

வீட்டு வேலையில் இன்னும் சுவாரசியம். படுக்கையிலிருந்து எழுந்து, காலையில் முதன்முதலாக வீட்டு அலுவலக அறைக்குச் சுழல்படியில் இறங்கும்போது விழுந்தவருக்கு, அது வேலை விபத்துதான் என்று ஜெர்மனியின் கூட்டாட்சி சமூக நீதிமன்றம் 2021 டிசம்பரில் சொன்னது. காபி போட வழியில் சமையலறைக்குத் திரும்பியிருந்தால் கதை வேறாகியிருக்கலாம். அப்போது எதற்காக நடந்துகொண்டிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. முதல் வாக்குமூலத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.

“நீ காண்ட்ராக்ட் ஆள், எங்கள் ஆள் இல்லை” என்கிறார்கள்.

பெயர் என்ன என்பதைவிட நடப்பு என்ன என்றே தீர்ப்பாயங்கள் பார்க்கும். நேரத்தைக் குறிப்பவர் யார், கருவி யாருடையது, வேலை ஏவுபவர் யார், இன்னொருவரை உங்களுக்குப் பதில் அனுப்ப முடியுமா? இந்தியச் சட்டத்தில் காண்ட்ராக்டர் வைத்த ஆளுக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாவார். கொடுத்ததை அவர் காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே மனுவில் இருவர் பெயரையும் போடுங்கள். கேட் பாஸ், மேஸ்திரியின் குரல் பதிவு, சம்பளம் வந்த வங்கி வரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். இந்தியாவில் ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர் என்றால் கதவே வேறு. முதலாளியிடம் அல்ல, ஈ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும்.

லேசான வேலை தருகிறோம், வா என்கிறார்கள். மறுக்கலாமா?

கண்ணை மூடிக்கொண்டு மறுத்தால் வாராந்திரத் தொகை நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்றால் முதுகு போகும். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை உங்கள் டாக்டரிடம் காட்டி, “செய்யலாம்” அல்லது “செய்யக் கூடாது” என்று அதிலேயே எழுதி வாங்குங்கள். லேசான வேலை என்று கூப்பிட்டுவிட்டு முதல் நாளே பழைய வேலையில் நிறுத்தினால், அன்றே மெசேஜில் பதிவு செய்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என்னைப் பின்தொடர்ந்து வீடியோ எடுக்கிறார்களாமே?

பெரிய தொகை கேஸ்களில் நடக்கும். பொது இடத்தில் எடுப்பது பல நாடுகளில் சட்டப்படி சரியும்கூட. அதற்காக வீட்டுக்குள் முடங்க வேண்டாம். “எதையும் தூக்க முடியாது” என்று சொல்லாதீர்கள். “ஒரு காய்கறிப் பை தூக்க முடியும், தூக்கினால் அன்று இரவு வலிக்கும்” என்று சொல்லுங்கள். உண்மையை அளவோடு சொன்னவரை வீடியோ ஒன்றும் செய்யாது. கேஸ் முடியும்வரை கல்யாண வீட்டு நடனத்தை ஃபேஸ்புக்கில் போடாமல் இருப்பது உத்தமம்.

கேஸ் இழுக்கிறது. அதுவரை சாப்பாட்டுக்கு?

முடிவு சொல்லவே காலக்கெடு உள்ள இடங்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் பொதுவாக 90 நாளுக்குள் மறுக்காவிட்டால், காயம் வேலையால் வந்ததாகவே கருதப்படும். இந்தியாவில் தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வட்டி ஏறும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம்வரை அபராதமும் விதிக்கலாம். இதைக் கேட்டால்தான் கிடைக்கும். மனுவில் தனியாகக் கேளுங்கள். விவாதம் தொகையைப் பற்றி மட்டும் என்றால், அவர்களே ஒப்புக்கொண்ட பகுதியை முதலில் தரச் சொல்லிக் கேட்கலாம். அதை வாங்குவதால் மீதிக்கான உரிமை போகாது, “முழுத் தீர்வு” என்று கையெழுத்துப் போடாதவரை.

வாராந்திரத் தொகையைச் சரியாகக் கணக்கிட்டார்களா என்று எப்படித் தெரியும்?

சதவீதம் அல்ல, எந்தச் சம்பளத்தின் சதவீதம் என்று பாருங்கள். பல அமெரிக்க மாநிலங்களில் சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நியூசிலாந்தில் 80 சதவீதம். ஓவர்டைம், படி, இரண்டாவது வேலை இவையெல்லாம் சராசரிக்குள் வந்தனவா என்பதில்தான் பணம் நழுவும். சம்பளச் சீட்டுகளை வைத்து நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள்.

மொத்தமாக ஒரு தொகை தந்து முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், அவசரப்படாமல். காயம் இதற்கு மேல் தேறாது என்ற நிலைக்கு வந்ததா என்று டாக்டரைக் கேளுங்கள். அதற்கு முன் கையெழுத்துப் போட்டால், அடுத்த ஆண்டு வரப்போகும் ஆபரேஷனுக்கும் சேர்த்து விலை பேசியதாக ஆகிவிடும். எதிர்கால சிகிச்சையை ஒப்பந்தம் மூடுகிறதா, திறந்து வைக்கிறதா என்ற ஒரே வரிக்காகப் பத்துப் பக்கத்தையும் படியுங்கள். வேலையை ராஜினாமா செய்வதாக ஒரு வரி நடுவில் செருகியிருப்பதும் நடக்கும். கடனுக்காரர் வாசலில் நிற்கும் நாளாகப் பார்த்து இந்தப் பேச்சு வரும். தற்செயல் என்று நான் நம்புவதில்லை.

பல இடங்களில் ஒப்பந்தத்தை அதிகாரி பார்த்து ஏற்றால்தான் செல்லும். வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் மனம் தளர வேண்டாம். சட்டம் தரும் இழப்பீட்டை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் இந்தியாவில் செல்லாது.

வக்கீல் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. சிகிச்சை பில் ஒன்று மட்டும் பாக்கி என்றால் நீங்களே எழுதலாம். நிரந்தர ஊனம், “பழைய காயம்” வாதம், மொத்தத் தொகைப் பேச்சு என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பீஸ் எவ்வளவு, தோற்றால் என்ன செலவு என்று முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். தொழிற்சங்கமோ இலவச சட்ட உதவியோ இருந்தால் அங்கே முதலில் போய்ப் பாருங்கள்.

மனு போட்டதால் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இது தனி வழக்கு, பல நாடுகளில் தனிக் குற்றமும்கூட. கெடுவும் தனி, பெரும்பாலும் குறைவு. இழப்பீட்டு கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

விபத்து இல்லை, வருடக்கணக்கில் தூசியால் வந்த நோய். இதற்கும் பொருந்துமா?

பொருந்தும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925லேயே ஈய நச்சு, பாதரச நச்சு, ஆந்த்ராக்ஸ் ஆகியவற்றைத் தொழில்நோயாக ஏற்றது; பட்டியல் இன்று மிக நீளம். ஆஸ்பெஸ்டாஸ் நோய் இருபது, முப்பது ஆண்டு கழித்தும் வரும் என்பதால், நோய் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்தே கெடுவை எண்ணும் சட்டங்கள் பல. நோய் பட்டியலில் இருந்தால் நிரூபிக்கும் சுமை பெருமளவு குறையும். எந்த ஆண்டில் எந்தக் கம்பெனியில் எதைக் கையாண்டீர்கள் என்று வரிசையாக எழுதுங்கள். கூட வேலை பார்த்தவர்களையும் இப்போதே தேடுங்கள்.

விசாரணையில் எப்படிப் பேச வேண்டும்?

கேட்டதற்கு மட்டும். தெரியாததற்குத் தெரியாது என்று. போகும் முன் உங்கள் முதல் வாக்குமூலத்தைப் படித்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் எதிர்த்தரப்பும் அதைத்தான் படித்துவிட்டு வந்திருக்கும். தேதி முன்னுக்குப் பின் மாறியிருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வேற்று நாட்டில் வேலை. அங்குள்ள மொழி சரியாக வராது.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று விசாரணைத் தேதிக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பல தீர்ப்பாயங்கள் ஏற்பாடு செய்யும். கம்பெனி சூப்பர்வைசர் உங்களுக்காக மொழிபெயர்க்க ஒத்துக்கொள்ளாதீர்கள், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். புரியாத தாளில் கையெழுத்துக் கேட்டால், “எனக்கு இது படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லப்படவில்லை” என்று தமிழிலேயே எழுதி அதற்குக் கீழே போடுங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லை என்றால் கையெழுத்தே போட வேண்டாம். தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.